சிப்பி துப்பிய மணிகள்

“உங்கம்மா கூடையில அஞ்சாறுதான் விழுந்துச்சா? நிஜமாவா?”

பெரியப்பா கன்சுகே ஒருமுறை நாஹோவிடம் இப்படிக் கேட்டார். மே மாதத்துக் காலை. படகுத்துறைப் பலகையில் குந்தி உட்கார்ந்திருந்த நாஹோவின் உள்ளங்கையில் சில வெள்ளை மணிகள் ஈரத்தோடு கிடந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குப் புதிதும் இல்லை. தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள். பெரியப்பா அந்தத் தலையாட்டலை நம்பிவிட்டார். பேசவே பேசாத பெண் பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்?

“அப்போ அவ கை இன்னும் அப்படியேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் படகுக்குப் போனார். அவர் குரலில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

ஏமாற்றத்துக்குக் காரணம் உண்டு. முந்தைய இலையுதிர் காலத்தில் நாஹோவின் அப்பா தெப்பத்தின்மேல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். ஜப்பானின் அகோ விரிகுடாவில் அவர்கள் இருந்த சிறு நீர்முனையில் நாலைந்து வீடுகளின் முத்துச்சிப்பித் தெப்பங்கள் மட்டும்தான் மிதந்தன. தெப்பம் கட்டுகிற இடம் எல்லோருக்கும் பொது. உழைக்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது கிடைக்கும். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கன்சுகே வந்து தம்பியின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டார். பிறகு திரும்பி உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“மிட்சுயே, மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதே. வர்ற டிசம்பர்ல சிப்பியைத் திறக்கறப்போ நல்லபடியா வந்துச்சுன்னா, இடம் உன் பேர்லயே இருக்கட்டும். மத்த வீட்டுக்காரங்க கிட்ட நான் பேசிக்கறேன். வரலைன்னா என் பையன் எடுத்துக்கட்டும். வெளியாளுக்குப் போயிடக் கூடாது பாரு.”

“நல்லா வரும் அண்ணா” என்றாள் அம்மா.

“மணி வைக்க ஆள் பத்தலைன்னா இக்குயோவைப் பாதி செய்யச் சொல்லு. அவ வீட்டுச் சிப்பி கொஞ்சம்தானே.”

“எங்க வீட்டுச் சிப்பிக்கு என் கைதான் அண்ணா.”

அம்மா அப்படிச் சொன்னதில் யாரும் அகம்பாவம் பார்க்கவில்லை. சிப்பியின் வயிற்றைக் கீறி மணி வைக்கிறவர்களில் மிட்சுயேவின் கையை அந்தக் கரை முழுக்கத் தெரியும். “அவ கையில போற சிப்பி தூங்கிக்கிட்டே பிள்ளை பெத்துடும்” என்று பக்கத்து வீட்டு இக்குயோ அத்தை சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கையால்தான் தெப்பம் அவர்களுக்கு நிற்க வேண்டும். அது நின்றால் அப்பா பிணைத்த மூங்கில், அப்பா கட்டிய கொட்டகை, அப்பா பெயர் எழுதிய படகு எல்லாம் நிற்கும்.

நாஹோ அந்தக் குளிர்காலத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. அப்பா போன பிறகு அந்தக் குரல் அடியோடு அடங்கிவிட்டது. அம்மா ஒரு வாரம் கெஞ்சினாள், ஒரு வாரம் திட்டினாள், பிறகு ஒரு சின்னக் கத்தியைக் கையில் கொடுத்துத் துண்டு வெட்ட உட்கார வைத்தாள்.

துண்டு வெட்டுவது பேச்சு வேண்டாத வேலை. ஓட்டின் உட்புறம் எந்தச் சிப்பிக்கு நன்றாக மின்னுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, பிளந்து, ஓரத்துச் சதையை நாடா மாதிரி உரித்தெடுக்க வேண்டும். அதைப் பலகையில் நீட்டித் துடைத்து எள்ளுக்குக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக நறுக்க வேண்டும். உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று மாறிப்போகாமல் இருக்கச் சிவப்புச் சாயம் தொட்டு வைக்க வேண்டும். துண்டு கொடுத்த சிப்பி அதோடு செத்துப்போகும். அதன் மினுக்கு மட்டும் இன்னொரு சிப்பியின் வயிற்றில் போய் வாழும்.

அந்த இன்னொரு சிப்பிகளைக் குளிர்காலம் முழுக்க நெருக்கமான கூடைகளில் பட்டினி போட்டுச் சோர வைத்திருப்பார்கள். சோர்ந்த சிப்பிதான் உள்ளே வருவதை எதிர்க்காது. அம்மா ஒன்றை எடுத்து, வாயில் ஆப்பு செருகித் தாங்கியில் மாட்டுவாள். பாதம் என்று சொல்கிற சதைக்கு அடியில் நூல் அளவுக்கு ஒரு கீறல். அங்கிருந்து வயிற்றுக்குள் ஒரு வழி. ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்து உருட்டிய மணியை அந்த வழியாகத் தள்ளி, நாஹோ வெட்டிய துண்டை அதை ஒட்டினாற்போல வைப்பாள். துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை கட்டும். பை மணிமேல் மினுக்கைச் சுற்றும். ஏப்ரலில் வைத்த மணி டிசம்பரில் முத்து. துண்டும் மணியும் ஒட்ட வேண்டும், கீறல் சின்னதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுதான் கைப்பக்குவம்.

“ஏரியில மட்டி வளர்க்கறாங்களே, அவங்க குடுத்து வெச்சவங்க” என்று இக்குயோ அத்தை பக்கத்து நாற்காலியில் தன் வீட்டுச் சிப்பிகளோடு உட்கார்ந்து புலம்புவாள். “அவங்களுக்கு மணியே வேண்டாம். துண்டை மட்டும் சொருகிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். அதுவா சுத்திக்கிட்டு அதுவா முத்தாகும். ஓட்டுல ஒட்ட வெச்சுப் பாதி முத்து எடுக்கறவங்களுக்கும் வேலை சுலபம். நாமதான் இந்த மணியைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறோம்.”

“மணி இல்லாம வந்தா அது உன் மூக்கு மாதிரி வரும். உருண்டையாவா வரும்?” என்பாள் அம்மா, கண்ணைச் சிப்பியிலிருந்து எடுக்காமல்.

“என் மூக்குக்கு என்னடி குறைச்சல்? என் வீட்டுக்காரர் இதைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டார்.”

“அன்னைக்கு அவருக்குக் கண் வலியாம்.”

கொட்டகையே சிரிக்கும். நாஹோவும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அந்த வேலை தொடங்கிய வசந்தத்தில்தான்.

மணி வைத்த சிப்பிகள் உடனே ஆழத்துக்குப் போகாது. சில வாரம் துறைக்குப் பக்கத்தில் அசையாத தண்ணீரில், பொடிக்கண் வலைக் கூடையில் கிடந்து புண் ஆற வேண்டும். மணியை ஏற்காத சிப்பி அந்த நாட்களில் மணியைத் துப்பிவிடும். துப்பிய மணி கூடையின் அடியில் விழுந்து கிடக்கும். காலையில் கூடையைத் தூக்கி விழுந்தவற்றைப் பொறுக்கி, யார் கை வைத்ததோ அவரிடம் கொடுப்பார்கள். அவர் பார்த்துக்கொள்வார். நிறைய விழுந்தால் கீறலைச் சிறிதாக்குவார், மணியைச் சிறிதாக்குவார், அதுவும் சரிப்படாவிட்டால் வேறொருவரை உட்கார வைப்பார். நிறைய விழுந்ததென்று அவரை மற்றவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது அந்தக் கரையின் மரியாதை.

கூடை தூக்குவதும் நாஹோவின் வேலைதான். நீலக் கயிறு கட்டியவை அம்மாவின் கூடைகள்.

முதல் நாள் காலை நீலக் கயிற்றை இழுத்துக் கூடையைப் பலகைமேல் வைத்தபோது, கூடை மாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். அடியில் சோறு சிந்தியதுபோல் வெள்ளையாக இருந்தது. கயிற்றைப் பார்த்தாள். நீலம்தான். அடுத்த கூடையும் அப்படி. அதற்கு அடுத்ததும்.

முந்தின நாள் சாப்பிடும்போது அம்மாவின் கையிலிருந்து மிசோ சூப் கிண்ணம் நழுவியது ஞாபகம் வந்தது. “எண்ணெய்க் கை” என்று அம்மா சிரித்தாள். அன்று சமையலில் எண்ணெயே இல்லை. அதற்கு முந்தின வாரம் ஊசியில் நூல் கோக்க அவளைக் கூப்பிட்டாள். அதற்கும் முன்னால், கடையில் சில்லறை எடுக்கும்போது, வலது கட்டை விரல் தனியாக, தன்பாட்டுக்கு, காற்றில் எதையோ எண்ணுவதுபோல் அசைந்தது. இவையெல்லாம் தனித்தனியாகத்தான் நாஹோவின் மனதில் கிடந்தன. இப்போது கூடையின் அடியில் ஒன்றாக விழுந்து கிடந்தன.

கொட்டகைக்குப் போகும் சரிவில் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் தேநீர்க் குப்பி. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அந்த முணுமுணுப்பு கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது!

நாஹோ யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் மணிகளை அள்ளினாள். பலகையின் விளிம்புக்கு வெளியே கைகளை விரித்தாள். மணிகள் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டவை மட்டும் மிஞ்சின.

“எவ்வளவு?” என்றாள் அம்மா.

நாஹோ கையை நீட்டினாள்.

அம்மா பார்த்தாள். பிறகு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இவ்வளவுதானா? எல்லாக் கூடையிலயுமா?”

தலையாட்டல்.

“நான் என்னமோ பயந்தே போயிட்டேன்டி” என்று அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கை கொஞ்சம் விறைச்ச மாதிரி இருந்துச்சு. குளிர்தான். குளிர் வேற என்ன!”

அன்றைக்கு அவள் கொட்டகையில் வாய்விட்டே பாடினாள்.

மறுநாள் நாஹோ சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தாள். ஆனால் மறுநாளும் கூடையின் அடி வெள்ளையாக இருந்தது. நேற்று ஐந்தாறு, இன்று இரண்டு கை நிறைய என்று எப்படிச் சொல்வது? நேற்றைய பொய் இன்றைய பொய்யைக் கையைப் பிடித்து இழுத்தது. அவள் விடிகிற நேரத்திலேயே துறைக்கு வரத் தொடங்கினாள். பெரியப்பா கேட்டது அந்த நாட்களில் ஒன்றில்தான்.

“இதென்னடி அநியாயம்!” என்று இக்குயோ அத்தை கத்தினாள். “எனக்கு ஒரு கை நிறைய விழுது, உங்கம்மாவுக்கு விரல் நுனியில! மிட்சுயே, சிப்பிக்கு எதாவது தாலாட்டுப் பாடறியா?”

“ஆமா. நீ உன் சிப்பிகிட்ட வாயை மூடிக்கிட்டு இரு. பயந்துபோய்த் துப்புது.”

“சரி சரி, பெரிய ஆள்தான். ஆனா ஒண்ணு கேளு. பாதி சிப்பியை என்கிட்ட குடு. உனக்கு முதுகு வலியாவது குறையும். தெப்பம் உன்னதுதான், முத்தும் உன்னதுதான். கூலியா ஒரு கிண்ணம் கிழங்கு வேக வெச்சுக் குடு போதும்.”

அத்தை விளையாட்டாகச் சொன்னாலும் அவள் கண் அம்மாவின் கையில் இருந்ததை நாஹோ பார்த்தாள். அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

“விழாத கையை எதுக்கு மாத்தணும்?” என்றாள் அம்மா. அதோடு நிறுத்தவில்லை. அடுத்த நாளிலிருந்து கொஞ்சம் பெரிய மணியாக எடுத்தாள். பெரிய மணிக்குப் பெரிய கீறல். நாஹோ குனிந்து துண்டு வெட்டிக்கொண்டே இருந்தாள். சிவப்புச் சாயம் அவள் நகங்களில் ஏறிப்போயிருந்தது.

ஜூன் முடிவில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. முத்து வளர்ப்போர் சங்கத்துக் கட்டடத்தில் சிப்பிக்குள் மணி இருக்கிறதா என்று ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே படப்பெட்டி ஒன்று உண்டு. கன்சுகே வந்து, “உன் முறை நாளைக்கு வெச்சுக்கலாம், கொண்டு வா. இருக்கறது எது, போனது எதுன்னு தெரிஞ்சா போனதுல மறுபடி வெக்கலாம். இன்னும் நாள் இருக்கு” என்றார்.

“போனாத்தானே அண்ணா! சிப்பியைத் தூக்கி எறக்கி அலைய வெக்கணுமா?” அம்மா நாஹோவின் பக்கம் திரும்பினாள். “என்னடி, வேணுமா? நீதானே கூடையைப் பாக்கறே.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இன்னும் நாள் இருந்தது. இக்குயோ அத்தை தன் சிப்பிகளை முடித்துவிட்டுச் சும்மாதான் இருந்தாள். ஒரே ஒரு சொல் போதும். நாஹோவுக்கு வகுப்பறையில் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது.

வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

சிப்பிகள் தெப்பத்துக்குப் போயின. கோடை முழுக்க ஓட்டில் கல்போல ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுப் பூச்சிகளைச் சுரண்டினார்கள். புயல் வந்தபோது கயிறுகளை இரட்டித்தார்கள். அம்மா சாப்பிடும்போது வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகினாள். “ரெண்டு கையும் வேலை செய்யணும்ல” என்றாள். நாஹோ கேட்கவில்லை. அவளுக்குள் ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. அத்தை சொன்ன ஏரி மட்டிகள். அவற்றுக்கு மணியே வேண்டாமே. துண்டு மட்டும் இருந்தால் அதுவாகச் சுற்றிக்கொண்டு அதுவாக முத்தாகுமே. நம் சிப்பிகளுக்குள்ளும் துண்டு இருக்கிறது, நான் நன்றாகத்தான் வெட்டினேன். ஏரி மட்டி எவ்வளவு பெரியது, அது எத்தனை வருஷம் கிடக்கிறது என்பதை அவள் நினைக்கவில்லை. நினைக்கப் பயந்தாள் என்றும் சொல்லலாம்.

இலையுதிர் காலத்தில் மேட்டின்மேல் இருக்கிற கல்லுக்கு முன்னால், செத்த சிப்பிகளுக்காக எல்லோரும் கைகூப்பி நிற்கும் நாள் வந்தது. பிக்கு சூத்திரம் படித்து முடித்து, எல்லோரும் நிமிர்ந்த பிறகும் நாஹோ குனிந்தே நின்றாள்.

“செத்ததுக்கு வேண்டறியா, இருக்கறதுக்கு வேண்டறியா?” என்று இக்குயோ அத்தை அவள் முதுகில் தட்டினாள்.

நவம்பரில் அம்மா முதல் கயிற்றிலிருந்து சில சிப்பிகளைச் சோதனைக்குத் திறந்தாள். ஒன்றிரண்டில் முத்து இருந்தது. இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை. “இன்னும் கொஞ்சம் குளிரட்டும். குளிர்த் தண்ணியிலதான் கடைசிப் பூச்சு மெல்லிசா ஏறும்” என்று ஒன்றைத் துணியில் சுற்றி அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

டிசம்பரில் திறக்கிற நாளன்று வழக்கம்போல மற்ற வீட்டுக்காரர்களும் கை கொடுக்க வந்தார்கள். கொட்டகையில் அடுப்பு எரிந்தது. அத்தை ஒரு பானை நிறையச் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி கொண்டுவந்து மேலே வைத்தாள். கன்சுகேவின் மகன் கூடைகளைச் சுமந்து வந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இறக்கினான். வேலையைத் தொடங்குகிற உரிமை அம்மாவுக்கு. அவள் முதல் சிப்பியைத் திறந்து, சதையை விரலால் அமுக்கினாள். ஒரு முத்து கிண்ணத்தில் விழுந்து சுற்றியது.

“ஆஹா! தம்பி பாத்துக்கிட்டுதான் இருக்கான்” என்றார் கன்சுகே.

இரண்டாவது சிப்பியில் ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் இல்லை. “ஆரம்பம் அப்படித்தான்” என்றாள் அத்தை. எல்லோரும் கத்தியை எடுத்தார்கள். ஓடுகள் பிளக்கிற சத்தம் எழுந்தது. கிண்ணத்தில் முத்து விழுகிற சத்தம் மட்டும் எழவில்லை. ஒருவர் கிண்ணத்தில் மினுக்கே ஏறாத வெறும் மணி கிடந்தது. துண்டு ஒட்டாமல் தனியே போன மணி. இன்னொருவருக்கு வால் முளைத்த ஒன்று கிடைத்தது. ஒன்று பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. பிறகு கன்சுகேவின் மகன் தன் விரல் நுனியை உயர்த்திப் பார்த்து, “இதென்ன, குட்டியா!” என்றான்.

கசகசா விதை அளவுக்கு ஒரு முத்து. கோணல் மாணலாக, ஆனால் உள்ளும் புறமும் மினுக்காக, விளக்கு வெளிச்சத்தில் எரிந்தது.

“கேசி” என்றார் கன்சுகே. கசகசா என்று பொருள். அந்தக் கரையில் அதற்கு அதுதான் பெயர்.

“எனக்கும் ஒண்ணு.”

“இங்க ரெண்டு.”

சிப்பிக்குச் சிப்பி அதுதான் வந்தது. முதலில் யாரோ அழகு அழகு என்றார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. கிண்ணங்களின் அடியில் கசகசா மட்டும் சேர்ந்துகொண்டே போனது. கஞ்சிப் பானை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்து அதை நகர்த்தவில்லை.

அம்மா தன் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியதில் கிண்ணத்துக்குள் அவை சலசலத்தன. இந்த முறை அவள் அந்தக் கையை மறைக்கவில்லை.

“தண்ணி சூடா இருந்துச்சு இந்தக் கோடையில” என்றார் கன்சுகே மெல்ல. “சில வருஷம் இப்படித்தான் போயிடும், மிட்சுயே.”

“தண்ணி இல்ல அண்ணா.” அம்மாவின் குரல் தணிந்திருந்தது. “இது எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாதா? துண்டு உள்ள தங்கிடும். மணி விழுந்துடும். சுத்தறதுக்கு ஒண்ணும் இல்லாம துண்டு தன்னையே சுத்திக்கும். இத்தனை கேசி இருந்தா அத்தனை மணி விழுந்திருக்கு.”

கன்சுகே தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“விழுந்தா கூடையிலதானே இருக்கணும்” என்றாள் அம்மா.

யாரும் நாஹோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் எதையோ பார்த்தார்கள். கன்சுகேவின் மகன் தன் பூட்ஸைப் பார்த்தான். இக்குயோ அத்தைதான் கடைசியில் வாயைத் திறந்தாள். கோபமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அழுகிற குரலில் பேசினாள்.

“உன் கை உனக்கே தெரியாதா மிட்சுயே? நான் பாத்தேனே! எத்தனை தடவை கேட்டேன் பாதியைக் குடுன்னு!”

“தெரிஞ்சுது” என்றாள் அம்மா. “ஏப்ரல்லயே தெரிஞ்சுது. முதல் நாள் கூடையைத் தூக்கறப்போ, நிறைய விழுந்திருந்தா அப்பவே எழுந்து உன்னை உக்கார வெக்கணும்னுதான் எறங்கி வந்தேன். பயத்தை மறைக்கப் பாடிக்கிட்டே வந்தேன்.” அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “கூடை வேற சொல்லுச்சு. நான் கையை நம்பலை இக்குயோ. கூடையை நம்பினேன்.”

நாஹோ எழுந்தாள். கத்தி மடியிலிருந்து விழுந்தது. அவளுக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

“கடல்ல போட்டேன்.”

அம்மா திரும்பினாள்.

“எங்கே?”

“துறைக்குக் கீழே. அம்மா, நீ அன்னைக்குப் பாடிக்கிட்டே…”

அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அம்மா சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்தாள். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி. அதைத் தண்ணீர்மேல் வைத்து முகம் புதைத்தால் கடலடி தெரியும். அவள் துறைக்குப் போனாள். படகை அவிழ்க்காமல் அதன் விளிம்பில் சாய்ந்துகொண்டு பெட்டிக்குள் முகத்தை வைத்தாள். குளிர்காலத் தண்ணீர். ஒளிவு மறைவு இல்லாமல் தெளிந்திருக்கும். நாஹோ பலகைமேல் நின்றாள். மற்றவர்கள் கொட்டகை வாசலைத் தாண்டி வரவில்லை.

நெடுநேரம் அம்மா முகத்தை எடுக்கவில்லை. எடுத்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

“இவ்வளவா” என்றாள். அது கேள்வியாக இல்லை. நாஹோவிடம் சொன்னதாகவும் இல்லை. பெட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டுச் சரிவில் ஏறிப் போனாள்.

நாஹோ குனிந்து பெட்டியைத் தண்ணீர்மேல் வைத்துப் பார்த்தாள். கடல்பாசிக்கு நடுவே சேற்றின்மேல் மணிகள் கிடந்தன. பாதி சேற்றில் புதைந்தும், சில பச்சை படர்ந்தும், சில அன்றைக்கு விழுந்த மாதிரியே வெள்ளையாகவும். அவள் ஒவ்வொரு காலையும் ஒரே இடத்தில்தான் கையை விரித்திருக்கிறாள். அதனால் அவை சிதறாமல் ஒரு குவியலாக இருந்தன.

புத்தாண்டுக்கு மங்கலமாக வாசலில் வைக்கும் பைன் கிளையை அவர்கள் வைக்கவில்லை. கன்சுகே வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தெப்பத்தைப் பற்றி அவர் பேச்சு எடுக்கும் முன்பே, “உங்க பையனை எடுத்துக்கச் சொல்லுங்க அண்ணா. மூங்கிலைப் பாத்து மாத்தணும், வடக்கு ஓரத்துல ரெண்டு இத்துப்போச்சு” என்று அம்மாவே சொன்னாள். அவர் தலை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்துவிட்டு எழுந்தார். படகில் அப்பா பெயர்மேல் அவர் மகன் வண்ணம் பூசவில்லை. அவர்கள் நல்லவர்கள்தான்.

தோபா ஊரில் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கவும் துணி மடிக்கவும் ஆள் கேட்டார்கள். இக்குயோ அத்தையின் உறவுக்காரர் சொல்லி அனுப்பினார். அம்மா அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும். நாஹோ அத்தையோடு இருந்து பெரியப்பா வீட்டுக்குத் துண்டு வெட்டட்டும் என்று ஆயிற்று. அதை யார் முடிவு செய்தார்கள் என்று நாஹோவுக்குத் தெரியவில்லை. அந்த டிசம்பர் நாளுக்குப் பிறகு அம்மா அவளிடம் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. சோறு போட்டாள், போர்வையை உலர்த்திக் கொடுத்தாள், குளித்த பிறகு வெந்நீரை அவளுக்காக மூடி வைத்தாள். பேசத்தான் இல்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நாஹோ நினைத்தாள்.

“பேசுடி அவகிட்ட” என்று அத்தை அவளைத் தனியே பிடித்து உலுக்கினாள். “வாயில என்ன கொழுக்கட்டையா? போறதுக்குள்ள பேசிடு. நீ நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு அவளுக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? தெரிஞ்சதுதான் அவளைக் கொல்லுது.”

நாஹோ சொற்களைச் சேர்த்து வைத்தாள். பாத்திரம் கழுவும்போது அவற்றை வரிசைப்படுத்தினாள். படுக்கையில் கிடந்து மாற்றி அடுக்கினாள்.

கிளம்புகிற காலையில் பனி பெய்யவில்லை, மழைதான் தூறிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் தண்ணீர் மாற்றி வைத்தாள். துணியில் சுற்றி அங்கே வைத்த முத்து அப்படியே இருந்தது. சமையலறையில் சோற்றுருண்டைகள் பிடித்து மூடி வைத்திருந்தாள். எல்லாம் ஒழுங்கில்லாத வடிவம். ஒன்றிரண்டு பிடி தளர்ந்து பிரிந்து கிடந்தன.

வாசல் படியில் உட்கார்ந்து வெளியூர்க் காலணியை மாட்டினாள். அப்பா இருந்தபோது வாங்கியது, கயிறு கட்டுகிற வகை. வலது கை கயிற்றைப் பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது. இடது கை உதவிக்கு வந்தது. முடிச்சு விழவில்லை. வெளியே எங்கோ வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

நாஹோ இறங்கி வந்து அம்மாவின் காலடியில் மண்டியிட்டாள். கயிற்றை வாங்கி ஒரு காலணிக்கு முடிச்சுப் போட்டாள். பிறகு இன்னொன்றுக்கு. நகங்களில் சாயத்தின் சிவப்பு இன்னும் போகவில்லை. சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் இருந்தன. “அம்மா” என்பது மட்டும் வெளியே வந்தது.

அம்மாவின் கை அவள் தலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. நடுக்கம் முடியில் படுகிற தூரத்தில்தான் நின்றது. பிறகு அது பக்கத்தில் இருந்த பையின் பிடியைத் தேடிப் பிடித்தது.

அம்மா எழுந்தாள். கதவைத் தள்ளினாள். குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.